டர்போ காருக்கு ஆயில் கேட்ச் கேன்: வாங்கும் முன் ஆயில் எந்த ஹோஸ் வழியாக வருகிறது என்று பாருங்கள்

தேவகோட்டையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 2021 மாடல், 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கிளாம்ப் மாற்றுவதற்காக, டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே ஆயில் இருந்ததாம். "வால்வில் கார்பன் கட்டிவிடும், டர்போ போய்விடும், உடனே ஒரு ஆயில் கேட்ச் கேன் மாட்டு" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். கேட்ச் கேன் என்பது இன்ஜின் வாயுவோடு கலந்து வரும் ஆயில் துளிகளைப் பிடித்து வைக்க ஹோஸின் நடுவில் மாட்டும் டப்பா. மாட்டலாமா, தானே மாட்டிக்கொள்ள முடியுமா, வாரண்டி போய்விடுமா என்று மூன்று கேள்விகள். படித்துப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: என் இன்ஜினுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் இந்த டப்பா அதைச் சரிசெய்யுமா?

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு காரைக்குடியில் பல வருடங்களாகப் பட்டறை நடத்துகிறேன். டர்போ வண்டிகள் தினமும் வருகின்றன. காரைப் பார்க்காமல் எழுதுவதால் உங்கள் இன்ஜினின் நிலையைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எதைப் பார்த்தால் தெரியும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

முதலில், ஹோஸுக்குள் ஆயில் இருந்தாலே கோளாறு என்று அர்த்தம் இல்லை. உள்சுவரைத் தடவினால் விரலில் கறுப்பாக ஒட்டுகிற மெல்லிய படலம் எல்லா டர்போ இன்ஜினிலும் இருக்கும். புது வண்டியிலேயே சில ஆயிரம் கிலோமீட்டரில் வந்துவிடும். ஹோஸைச் சாய்த்தால் ஆயில் வழிகிறது, இன்டர்கூலரின் அடியில் தேங்கி நிற்கிறது, டிப்ஸ்டிக்கில் லெவல் மாதாமாதம் இறங்குகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். உங்கள் கேள்வியில் எவ்வளவு ஆயில் என்று இல்லை. பதிலில் பாதி அதைப் பொறுத்தது.

அந்த ஆயில் எப்படி அங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பிஸ்டன் ரிங் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், எரியும்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். இந்த வாயு கீழே சுழலும் ஆயில் துளிகளையும், நீராவியையும், எரியாத பெட்ரோலையும் கலந்துகொண்டு வெளியேற வழி தேடும். காற்றில் விடக் கூடாது என்பதால், தயாரிப்பாளர்கள் அதைத் திரும்ப இன்ஜினே உறிஞ்சி எரிக்கும்படி குழாய் போட்டிருக்கிறார்கள். பிசிவி என்பது இந்த ஏற்பாடுதான்.

டர்போ பெட்ரோல் இன்ஜினில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். மெதுவாக ஓட்டும்போதும் ஐடிலிங்கிலும் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். அது பிசிவி வால்வு வழியாக வாயுவை நேரே மேனிஃபோல்டுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் வந்துவிடும். அங்கே இருக்கும் ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வாயு இரண்டாவது ஹோஸான பிரீதர் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் போய்ச் சேரும். அங்கிருந்து டர்போ, இன்டர்கூலர், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில், மேனிஃபோல்டு.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள். இன்டர்கூலர் ஹோஸில் நீங்கள் கண்ட ஆயில் பிரீதர் வழியாக வந்திருக்க வேண்டும், அல்லது டர்போவின் சீலில் இருந்து கசிந்திருக்க வேண்டும். பிசிவி வால்வு வழி வருவது திராட்டிலுக்குப் பின்னால் சேர்வதால் இன்டர்கூலருக்குப் போகவே போகாது. இன்டேக் வால்வில், அதாவது சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வில், கார்பன் கட்டுவதில் பெரிய பங்கு அந்த பிசிவி வழிக்குத்தான், ஏனென்றால் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் போய் வரும் வண்டி பெரும்பாலான நேரம் பூஸ்ட் இல்லாமல்தான் ஓடுகிறது. ஆக, நீங்கள் கண்ட ஆயில் ஒரு ஹோஸில், பயப்படும் கார்பன் இன்னொரு ஹோஸில். பிரீதரில் ஒரு கேன் மாட்டினால் இன்டர்கூலர் சுத்தமாகும். வால்வுக்கு அதனால் பெரிய நன்மை இருக்காது. பிசிவி பக்கம் மட்டும் மாட்டினால் அடுத்த முறை ஹோஸைக் கழற்றும்போது அதே ஆயில் அங்கேயே இருக்கும், கேன் வேலை செய்யவில்லை என்று நினைப்பீர்கள்.

வால்வு கார்பன் உங்கள் காருக்குப் பொருந்துமா என்பதே அடுத்த கேள்வி. கார் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஹூண்டாயின் 1.0 டி-ஜிடிஐ, ஸ்கோடா-ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை, அதனால் அங்கே படியும் ஆயிலைக் கழுவ ஒன்றுமில்லை. சூட்டில் காய்ந்து கார்பனாகிவிடும். ரெனோ-நிசானின் 1.0 டர்போ, டாடா நெக்ஸானின் 1.2 பெட்ரோல் போன்றவற்றில் இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் இருப்பதால், ஒவ்வொரு முறையும் பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே போகும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை என்றால், வால்வுக்காக கேட்ச் கேன் வாங்க வேண்டாம். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

முதல் வகை என்றால் விஷயம் கொஞ்சம் சிக்கல். கேன் ஆயில் துளிகளைப் பிடிக்கும், அது நிச்சயம். கழற்றி ஊற்றினால் கண்ணால் பார்க்கலாம். அதனால் வால்வு கார்பன் எவ்வளவு குறையும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. ஆயிலில் ஒரு பகுதி ஆவியாகவே போகிறது, சாதாரண கேன் ஆவியைப் பிடிக்காது. வால்வு கைடு சீல் வழியாக இறங்கும் ஆயில் கேன் பக்கமே வருவதில்லை. கார்பன் குறையலாம், தள்ளிப்போகலாம், வராமலே இருக்காது. "கேன் மாட்டினால் எல்எஸ்பிஐ என்கிற தாழ்வேக முன்னெரிப்பும் நின்றுவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். மெதுவாகச் சுழலும் இன்ஜினில் ஸ்பார்க்குக்கு முன்பே பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்வது அது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் துளிகள் பெரும்பாலும் சிலிண்டர் சுவரிலும் பிஸ்டனின் மேல் இடுக்கிலும் ஆயிலும் பெட்ரோலும் கலந்து உண்டாகிறவை, ஆகவே அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதற்கு நேரான தீர்வு ஆயில் தரத்தில் இருக்கிறது: 2018-ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் வந்த எஸ்பி இரண்டிலும் இதற்கென்றே சோதனை சேர்த்திருக்கிறார்கள். ஆயில் வாங்கும்போது அதன் விவரத்தாளில் நோவாக் என்று ஒரு எண் இருக்கும். 250 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பது அது. 15-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. 10-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கார் கையேடு சொல்லும் தரத்துக்குள் நோவாக் குறைந்த ஆயிலைப் போட்டு, மாற்றும் இடைவெளியையும் கொஞ்சம் குறைத்தாலே, கேன் செய்யும் வேலையில் ஒரு பகுதி கேன் இல்லாமலே நடந்துவிடும்.

இனி, கேனைப் பற்றி யோசிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை. நம் பக்கத்தில் முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் மேல்தான். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் உள்சாலையில் ஓடுகிற வண்டியின் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் செம்மண் கொட்டும். ஃபில்டர் அடைத்தால் டர்போ காற்றை இழுக்கத் திணறும். அதன் வாயில் உறிஞ்சல் கூடும். பிரீதர் ஹோஸ் சேர்வதும் அதே குழாயில் என்பதால், கிராங்க் கேஸில் இருந்து ஆயில் துளியையும் அதிகமாக இழுத்துவிடும். கையேட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கு தார்ச்சாலைக்கானது; செம்மண் சாலையில் ஓடினால் அதில் பாதியிலேயே திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்து ஊதிவிட்டு அதையே போட்டுவிடாதீர்கள், காகிதம் கிழிந்து தூசி உள்ளே போகும்.

அடுத்து ஆயில் லெவல். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், துளிகள் பெருகும். சர்வீஸில் ஆயில் டின்னில் இருந்ததை முழுக்க ஊற்றிவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சமதரையில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்தால் போதும். அதே இடத்தில், அதே நேரத்தில், 1000 கி.மீ. கழித்து மறுபடி பாருங்கள். சில ஐரோப்பிய கார்களின் கையேடு 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆயில் செலவாகலாம் என்கிறது. என் கணக்கில் 46,000 ஓடிய சின்ன இன்ஜின் அவ்வளவு குடிக்கக் கூடாது. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டி வந்தால் காரணம் தேட வேண்டும்.

பிறகு இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக இழுப்பது போல் இருந்து, திறந்ததும் ஓட்டம் கொஞ்சம் மாறினால் நல்லது. மூடியை எடுக்கவே முடியாத அளவுக்கு இழுக்கிறது, விசில் சத்தம் வருகிறது என்றால் பிசிவியின் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். அதை மாற்றினாலே ஆயில் பிரச்சினை நின்றுபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். குபுகுபுவென்று புகையாகத் தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அதிகம் அல்லது வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க, கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு மீட்டர் வெட்டி, யு வடிவில் வளைத்துக் கொஞ்சம் கலர் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று போகாமல் சொருகலாம். மூடி சோதனையில் பலமாக இழுத்த வண்டியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் உள்ளே போய்விடும். ஐடிலிங்கில் தண்ணீர் இன்ஜின் பக்கம் கொஞ்சம் ஏறி நின்றால் சரி. வெளிப்பக்கம் தள்ளினால் சரியில்லை. எத்தனை சென்டிமீட்டர் என்று நான் எண் சொல்ல மாட்டேன், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அதே மாடல் நல்ல வண்டி ஒன்றில் வைத்துப் பார்த்து ஒப்பிடுவதே வழி. வெளிப்பக்கம் தள்ளுகிற வண்டிக்கு கம்ப்ரஷன் டெஸ்டும், சிலிண்டரில் காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்டும் எடுக்க வேண்டும். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு கேன் மாட்டுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே அண்டா வைப்பது போலத்தான்.

டர்போவையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு வருகிறது, ஆனால் திரும்பிப் போகும்போது தன் எடையால்தான் சம்புக்கு, அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, இறங்குகிறது. அந்தத் திரும்பும் குழாயில் கருகிய ஆயில் கட்டியிருந்தால், அல்லது கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியிருந்தால், ஆயில் இறங்காமல் தேங்கி சீல் வழியாகக் கசியும். டர்போ நன்றாகவே இருக்கும், ஆனால் போய்விட்டதாகச் சொல்லி மாற்றிவிடுவார்கள். திருச்சியில் இருந்து வேகமாக வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைப்பது டர்போவின் பேரிங்கிலும் இந்தக் குழாயிலும் ஆயில் கருகாமல் இருக்கத்தான்.

இங்கே செட்டிநாட்டுக்கென்றே ஒரு விஷயம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்கள் ஊர் வீட்டில் ஒரு கார் வைத்திருப்பார்கள். கல்யாணம், கோயில் படைப்பு என்று வரும்போது மட்டும் ஓடும். மற்ற நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். பேட்டரிக்கு நல்லது என்று நினைத்து அன்போடு செய்வது. ஆனால் இன்ஜின் ஆயில் முழுதாகச் சூடாகாததால் கிராங்க் கேஸில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாக, மோர் போல் படிந்திருக்கிறது என்று ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வண்டிகள் பெரும்பாலும் இவைதான். அதற்கு கேட்ச் கேன் மருந்து ஆகாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், போதும்.

சரி, இதெல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது, நேரடி இன்ஜெக்ஷன் வண்டி, பல வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் கேன் மாட்டுவதில் அர்த்தம் உண்டு. அப்போது மாட்டும் விதம்தான் முக்கியம். மலிவான கேன்கள் பலவற்றைத் திறந்தால் உள்ளே வெறும் டப்பா. ஒரு பக்கம் நுழைந்த வாயு மறுபக்கம் அப்படியே போய்விடும். உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டீல் வலையும் இருக்க வேண்டும், துளிகள் அதில் மோதிச் சேர்ந்தால்தான் கீழே விழும். ஹோஸின் உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையவே கூடாது. கேனின் வாய் சின்னதாக இருக்கிறது என்று குறுக்கினால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, கிராங்க் ஆயில் சீல், ஹெட் கவர் பேக்கிங், மேலே சொன்ன டர்போ சீல் என்று ஒவ்வொன்றாக ஆயில் கசிய ஆரம்பிக்கும். கேன் மாட்டிய பிறகு ஆயில் கசிவு கூடியது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் அளப்பது ஹோஸைத்தான். ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் போடாதீர்கள், அந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் அல்லது ஃபுளூரோ ரப்பர் உள்ள ஆயில் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

கேன் வைக்கும் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து தள்ளி, காற்றுப்படுகிற இடமாக இருக்க வேண்டும். குளிர்ந்தால்தான் துளி சேரும். நம் சித்திரை, வைகாசி வெயிலில் பானட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு கேன் குறைவாகத்தான் பிடிக்கும். கேன் காலியாக இருப்பதை வைத்து இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். ஹோஸ் நடுவில் தொய்ந்து தொங்கக் கூடாது, அங்கே ஆயில் தேங்கி வழி அடையும். பிசிவி பக்கம் மாட்டுவதாக இருந்தால் கேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒருவழி வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் பூஸ்ட் அழுத்தம் கேனுக்குள் ஏறும். அடியில் உள்ள திருகு அதிர்வில் தளராதபடி பூட்ட வேண்டும். அது கழன்றால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடிலிங் தடுமாறும், சூடான எக்ஸாஸ்டில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இன்னொன்று, புதிய இன்ஜின்கள் பலவற்றில் பிசிவி வால்வும் ஆயில் பிரிக்கும் அறையும் ஹெட் கவருக்குள்ளேயே இருக்கின்றன. வெட்டிச் சேர்க்க வெளியே ஹோஸே இருக்காது. உங்களுடையது அப்படி என்றால் நீங்களே செய்ய வேண்டாம். பிரீதர் ஹோஸில் மட்டும் மாட்டுவது, கைக்கருவி பழகியவருக்கு ஒரு மாலை வேலை.

டீசல்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. டீசலில் மேனிஃபோல்டு வெற்றிடம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆகவே பிரீதர் ஒன்றே வழி. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் கொண்டுவரும் புகைக்கரி இந்த ஆயிலோடு சேர்ந்து மேனிஃபோல்டில் தார் போல அப்பிக்கொள்வதால், கேனுக்கு அங்கே நியாயமான பயன் இருக்கிறது. ஆனால் கேன் நிரம்பியும் கவனிக்காமல் விட்டால் இன்ஜின் அந்த ஆயிலை மொத்தமாக இழுத்து, அதையே எரிபொருளாக்கி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடிச் சிதறிவிடலாம். காலி செய்ய மறக்கிறவர்கள் டீசலில் மாட்டாமல் இருப்பதே நல்லது.

வாரண்டிக்கு வருகிறேன். 2021 மாடல் பிஎஸ்6 வண்டி. கிராங்க் கேஸ் வாயு வெளியே வரக் கூடாது என்பது அந்த விதிகளின் ஒரு பகுதி. கேனின் மறுமுனையை இன்ஜினுக்கே திருப்பாமல், சின்ன ஃபில்டர் ஒன்றைச் சொருகிக் காற்றில் விடும் ஏற்பாடு தவறு. புகைப் பரிசோதனையில் பிடிபடாவிட்டாலும் தவறுதான். பெட்ரோல் நாற்றம் ஏசி வழியாக வண்டிக்குள்ளும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. மூடிய சுற்றாக மாட்டிய கேன் அதில் எப்படிப் பார்க்கப்படும் என்பது வக்கீலிடம் கேட்க வேண்டியது, நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வாரண்டி விஷயம் நடைமுறையில் இப்படி: டர்போவோ இன்ஜினோ கோளாறானால் சர்வீஸ் சென்டர் முதலில் காட்டுவது இந்த கேனைத்தான். வாரண்டியோ நீட்டித்த வாரண்டியோ இன்னும் ஓடுகிறது என்றால் அது முடியும் வரை கை வைக்காதீர்கள். இன்டர்கூலரில் ஆயில் வழிந்தால் படம் எடுத்து அவர்களிடமே காட்டி, எழுத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மாட்டினால் முதலில் 1000 கி.மீ.யில் திறந்து பாருங்கள், எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்த பிறகு இடைவெளியைக் கூட்டலாம். கேனில் சேருவது நீரும் பெட்ரோலும் கலந்த கழிவு. ஆயில்தானே என்று இன்ஜினில் திரும்ப ஊற்றாதீர்கள். வாசலிலோ சாக்கடையிலோ கொட்டவும் வேண்டாம், நம் ஊர்களில் மழைநீர் ஓடிச் சேருவது ஊருணியில். ஒரு பாட்டிலில் சேர்த்து, வேஸ்ட் ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், டிப்ஸ்டிக் அளவைக் குறித்து வையுங்கள், ஐடிலிங்கில் ஆயில் மூடி சோதனையைச் செய்யுங்கள். 1000 கி.மீ. கழித்து மறுபடி அளந்துவிட்டு, காரின் பெயரையும் ஹோஸில் இருந்த ஆயில் படலமா வழிந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை வைத்து எந்தப் பக்கம் மாட்டுவது, அல்லது மாட்டாமலே விடுவதா என்று சொல்கிறேன்.